இவ்வுருவம் யாருடையது?





கேசபுத்தம் என்னும் ஊரில் வாழ்ந்த காலாமர், பகவனிடத்து வந்து முறையிட்டது யாது? தத்தம் கொள்கையே மெய்யென்றும் பிறர் கொள்கை பொய்யென்றும் சாற்றுவார் பலர் வந்து போகின்றனர். எவர் சொல்லைக் கொள்வது, எவர் சொல்லைத் தள்ளுவது என்று அறியாமல் மயங்குகின்றோம் என்பதே. அதற்குப் பகவன், தாமும் ஒரு கொள்கையை எடுத்து அவர்முன் வைத்து, இதனை நம்புமின் என்றாரில்லை. செவிவழி வந்தது என்பதனாலும், முன்னோர் வழக்கு என்பதனாலும், சொல்லுபவர் பெரியவர் என்பதனாலும் ஒன்றை மெய்யெனக் கொள்ளாது, தாமே ஆராய்ந்து, தீங்கு பயப்பதை விடுத்து நன்மை பயப்பதைக் கைக்கொள்ளுமாறு பணித்தார்.

இந்தச் சூத்திரத்தை நாம் மேடைதோறும் எடுத்துரைக்கின்றோம். எடுத்துரைப்பது எளிது. ஆராயவேண்டிய பொருள் ஒன்று நம் வீட்டுக் கூடத்திலேயே வந்து அமர்ந்துகொண்டால் நாம் என்ன செய்கின்றோம் என்பதில்தான் அதன் பயன் தெரியும். இன்றைய சொற்பொழிவு ஒரு பீங்கான் பொம்மையைப் பற்றியது. பொம்மைக்கு ஒரு சொற்பொழிவா என்று நகைப்பவர் சிறிது பொறுத்திருந்து கேட்பாராக.

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில், கன்னட நாட்டின் எல்லை முடியும் இடத்தில் இருப்பது அத்திபெலே. கன்னடமும் தமிழும் தெலுங்கும் ஒரே கடைவாசலில் கலந்து ஒலிக்கும் ஊர் அது. அங்கே திரிசரணம் மேற்கொண்டு வாழும் நம் அன்பர் குடும்பம் ஒன்று உண்டு. அவ்வீட்டுத் தலைவர், காயலான் கடை என்று நாம் வழங்கும் பழைய சாமான் கடை ஒன்றில், உடைந்த மின்விசிறிகளுக்கும் பித்தளைக் குடங்களுக்கும் நடுவே கிடந்த ஒரு சிற்றுருவத்தைக் கண்டு, நூற்றைம்பது ரூபாய் கொடுத்து வாங்கி வந்தார். ஒரு சாண் உயரமும் இல்லாதது. தலைமுதல் அடிவரை போர்த்திய சிவப்புப் போர்வை. அதற்குள்ளிருந்து வெளிப்படும் முகம் மாத்திரம். அடர்ந்த புருவம், கருந்தாடி, நெரித்த நெற்றி, இமையே இல்லாதன போல உருட்டி விழிக்கும் இரு கண்கள். கை இல்லை, கால் இல்லை.

கடைக்காரர் அதனைச் ‘சிரிக்கும் புத்தர் வகையைச் சேர்ந்த சீனத்துச் சாமி’ என்று சொல்லி விற்றார். (அவ்வுருவம் சிரிக்கவில்லை என்பதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.) எதிர்வீட்டுப் பாட்டியார் கண்டவுடன் கன்னத்தில் போட்டுக்கொண்டு, “இது நம் முனீஸ்வரன் அல்லவா? விழியைப் பார்த்தாலே தெரியவில்லையா?” என்றார். கல்லூரியில் பயிலும் மகன், போர்வையைக் கண்டு, யாரோ ஒரு பக்கிரி என்றான். அம்மையாருக்குக் கலக்கம் பிறந்தது. முனீஸ்வரன் ஆயின் நாம் ஏற்ற உறுதிமொழிக்கு மாறாக அதனை வீட்டில் வைத்திருப்பது தகுமா என்பது அவர் வினா. புத்தர் ஆயின் அதனை எறிவது யாங்ஙனம் என்பது கணவர் வினா. இவ்விரு வினாக்களுக்கும் இடையே அவ்வுருவம் செய்தித்தாளில் சுற்றப்பட்டு இரண்டு கிழமை பரண்மேல் கிடந்தது.

இதனைச் சிறு பூசல் என்று தள்ளுவதற்கில்லை. 1956-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் தீக்கை பெற்று, தம்மைப் பின்பற்றிய இலட்சக்கணக்கான மக்களுக்கு இருபத்திரண்டு உறுதிமொழிகளை அளித்தார். பிரமன், விட்டுணு, மகேசுவரன் ஆகியோரைக் கடவுளராகக் கொள்ளேன், வணங்கேன் என்பது அவற்றுள் முதலாவது. புத்தர் விட்டுணுவின் அவதாரம் என்பதை நம்பேன் என்பதும் அவற்றுள் ஒன்று. அவ்வுறுதியை ஏற்ற வீட்டில், மாடத்தில் நிற்பது யார் என்பது அலங்காரத்தைப் பற்றிய கேள்வி அன்று. நம் பாட்டன்மார் எவர் எவர் முன்னரோ அஞ்சி நின்றனர். கோயில் வாயிலுக்குப் புறத்தே நிறுத்தப்பட்டும் அஞ்சினர். அவ்வச்சம் நீங்கிய வீட்டிற்குள் அது பொம்மை வடிவில் மீளவும் நுழைந்துவிடுமோ என்று ஒரு தாய் அஞ்சுவாராயின், அவ்வச்சத்தை மதித்து விடை தேடுவது நம் கடமை.

சரி, ஆராய்வோம். கையில் எடுத்துத் திருப்புக. அடிப்பகுதியில் ஒரு சிறு துளை உண்டு. சாந்து அச்சில் நீர்த்த களிமண் குழம்பை ஊற்றி, உள்ளே வெற்றிடமாக வார்த்த உருவங்களில் இத்துளை காணப்படும். சூளையில் சுடும்பொழுது உள்ளிருக்கும் காற்று வெளியேறாவிடின் உருவம் வெடித்துவிடும். ஆகவே இது கையால் வனைந்து வழிபாட்டிற்கென்று செய்த தனி உருவம் அன்று. ஒரே அச்சில் பல நூறாக வார்த்த விலைச்சரக்கு. துளையின் அருகே சிவப்பு மையில் ஆங்கில எழுத்தில் ‘ஜப்பான்’ என்னும் ஒரே சொல்.

இந்த ஒரு சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்க நாட்டார் 1890-இல் இயற்றிய சுங்கச் சட்டம், அயல்நாட்டுச் சரக்குகள் தாம் பிறந்த நாட்டின் பெயரை ஆங்கில எழுத்தில் தாங்கி வரவேண்டும் என விதித்தது. ஜப்பானியர் முதலில் தம் நாட்டை ‘நிப்பான்’ எனப் பொறித்தனர். 1921-க்குப் பின் அச்சொல் செல்லாது என அமெரிக்கச் சுங்கத்தார் கூறவே, ‘ஜப்பான்’ எனப் பொறிக்கலாயினர். இரண்டாம் உலகப் போரில் தோற்று அந்நாடு அயலார் ஆட்சியில் இருந்த காலத்தில், ஏற்றுமதி மீளத் தொடங்கிய 1947 முதல் 1952 வரை, ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்’ என்னும் முத்திரையும் பல பொருள்களில் இடப்பட்டது. ஆகவே நம் பொம்மை 1921-க்குப் பிற்பட்டதாதல் கூடும். ‘கூடும்’ என்றே சொல்லுகின்றேன். முத்திரை வழிகாட்டுமேயன்றித் தானே சான்றாகிவிடாது. 1930-களில் ஜப்பானியப் பீங்கானும் கண்ணாடிச் சாமான்களும் பொம்மைகளும் இந்தியச் சந்தைகளில் மலிவாக விற்கப்பட்டன. பெங்களூர்த் தண்டுப் பகுதியின் பழைய வீடொன்றிலிருந்து இது கடைக்கு வந்திருக்கலாம்.

நாடு தெரிந்தது. ஆள் யார்?

ஜப்பானியச் சிற்றுருவங்களுள் நம்மவர் கைக்கு அகப்படுவன சில உண்டு. பருத்த வயிறும் திறந்த மார்பும் தோளில் துணிப்பையும் கொண்டு நகைப்பவர் ‘ஹோத்தேய்’. பெங்களூரில் கடைதோறும் பணப்பெட்டி அருகே ‘சிரிக்கும் புத்தர்’ என்ற பெயரில் அமர்ந்திருப்பவர் இவரே. இவர் புத்தர் அல்லர். பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீன நாட்டில் பையுடன் திரிந்ததாகக் கூறப்படும் ஒரு துறவி. பின்னாளில் அவரை மைத்திரேயரின் தோற்றம் என்று கொண்டாடினர். வயிற்றைத் தடவினால் செல்வம் பெருகும் என்று சொல்லி விற்போரும், அதனை நம்பி வாங்குவோரும், சாக்கிய முனிவர் அரச செல்வத்தைத் துறந்து வெளியேறியவர் என்பதைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம். மெல்லிய வடிவும் வெண்முக்காடும் உடைய அம்மை ‘கன்னோன்’. அவலோகிதரே அந்நாட்டில் அவ்வாறு வழங்கப்படுகின்றார். மழித்த தலையும் வளையங்கள் கோத்த கோலும் உடையவர் ‘ஜிசோ’. குழந்தைகளின் காவலராகப் போற்றப்படுபவர். அரிசி மூட்டைகளின்மேல் நின்று கையில் சுத்தியல் ஏந்துபவர் ‘தைகோகு’. வீணை போன்ற நரம்புக் கருவி ஏந்தியவள் ‘பென்தென்’. இவ்விருவரைப் பற்றி மாத்திரம் நம் அன்பர்கள் விழிப்பாக இருத்தல் வேண்டும். முன்னவர் மகாகாளனின் வழிவந்தவர், பின்னவள் சரசுவதியே. கடல் கடந்து பெயரையும் உடையையும் மாற்றிக்கொண்டு வந்தால் அடையாளம் தெரியாமற் போய்விடுமா?

அத்திபெலே உருவம் இவர்களுள் எவருடையதும் அன்று. போர்வை, தாடி, இமையற்ற விழி, கைகால் இன்மை ஆகிய நான்கும் ஒருங்கே அமைவது ஒருவருக்கே. ஜப்பானியர் அவரைத் ‘தருமா’ என்பர். சீனர் ‘தாமோ’ என்பர். அவருடைய முழுப்பெயர் போதிதருமர்.

இச்செய்தியைச் சொன்னவுடன் அவ்வீட்டில் எழுந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. “அப்படியானால் நம் காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசர் அல்லவா!” என்றான் மகன். 2011-இல் வெளிவந்த ‘ஏழாம் அறிவு’ என்னும் திரைப்படம் அவர் பெயரைத் தமிழகத்தின் மூலைமுடுக்கெல்லாம் பரப்பிவிட்டது. ஆனால், அன்பர்களே, முனீஸ்வரன் என்று பாட்டியார் சொன்னதை ஆராயாமல் கொள்ளற்க என்று சொல்லும் நாம், நமக்கு இனிக்கும் செய்தியை மாத்திரம் ஆராயாமல் கொள்ளலாமா?

போதிதருமரைக் குறிப்பிடும் நூல்களுள் மிகப் பழையது, 547-ஆம் ஆண்டளவில் யாங் சுவான்சி என்னும் சீனர் லோயாங் நகரத்து விகாரங்களைப் பற்றி எழுதியது. அந்நூல் அவரைப் பாரசீக நாட்டிலிருந்து வந்த துறவி என்கின்றது. அவர் மாணாக்கர் வழியில் வந்த தான்லின் என்பவர், அவரைத் தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என எழுதிவைத்தார். 645-இல் துறவியர் வரலாறு எழுதிய தாவோசுவானும் தென்னிந்தியர் என்றே கூறுகின்றார்; ஆனால் அவரைப் பார்ப்பனக் குலத்தவர் என்கின்றார். அவருடைய நாட்டிற்கு ஒரு பெயர் கூறும் சீன நூல் 1004-ஆம் ஆண்டினது. அப்பெயரைக் காஞ்சி எனப் பொருள் கொள்வார் அறிஞர் சிலர். அஃதாவது, அவர் வாழ்ந்து ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டு கழிந்த பின்னர் எழுந்த குறிப்பு. பல்லவர் செப்பேடுகளிலும் கல்வெட்டுகளிலும் அவர் பெயர் இல்லை. ஆகவே தென்னாட்டார் என்பதற்குப் பழைய சான்று உண்டு; காஞ்சியின் இளவரசர் என்பது மரபு. மரபை மரபு என்று சொல்லுவதால் நமக்கு யாதொரு இழுக்கும் இல்லை.

பௌத்தத்திற்கும் காஞ்சிக்கும் உள்ள உறவை நிலைநாட்ட நமக்கு இந்த ஒரு பெயரே துணை என்று எண்ணுவது நம் செல்வத்தை நாமே அறியாமையாகும். ஏழாம் நூற்றாண்டில் தென்னாடு பற்றி எழுதிய யுவான் சுவாங், திராவிட நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட சங்காராமங்களும் பதினாயிரம் துறவியரும் இருந்தனர் என்றும், நாளந்தையின் தலைமை ஆசிரியராய் விளங்கிய தருமபாலர் பிறந்த ஊர் காஞ்சி என்றும் குறித்திருக்கின்றார். புத்தகோசர் தாம் காஞ்சியில் தங்கியிருந்ததைத் தம் உரைநூலில் தாமே கூறுகின்றார். மணிமேகலை தன் துறவு வாழ்வில் சென்று சேர்ந்த ஊரும் காஞ்சியே. 1006-ஆம் ஆண்டளவில், இராசராசன் காலத்தில், கடல் கடந்த சீவிசய அரசன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எடுப்பித்தான். இத்துணை உறுதியான சான்றுகள் இருக்க, ஐயத்திற்குரிய ஒன்றை மாத்திரம் தூக்கிப் பிடித்து, பிறர் மறுத்தால் சினம் கொள்வது ஏன்?

இனி, அவ்வுருவத்தின் தோற்றத்திற்கு வருவோம். போதிதருமர் சுங் மலையில் ஒன்பது ஆண்டுகள் சுவரை நோக்கி அமர்ந்து தியானித்தார் என்றும், அதனால் கைகால்கள் செயலற்றுப் போயின என்றும், உறக்கம் வந்து கெடுத்தமையால் இமைகளை அறுத்தெறிந்தார் என்றும், அவை விழுந்த இடத்தில் தேயிலைச் செடி முளைத்தது என்றும் கதை வழங்குகின்றது. கைகால் இல்லாத வடிவமும் மூடாத விழியும் இதனால் அமைந்தன. கதை அழகியது, ஆயினும் நம் பிள்ளைகளுக்கு இதனைச் சொல்லுங்கால் ஒன்றைச் சேர்த்துச் சொல்லுக. உடம்பை வாட்டி வதைக்கும் வழியைப் பகவன் தாமே ஆறாண்டு பயின்று, அது பயனற்றது எனக் கண்டு கைவிட்டார். கால் அழுகும் வரை அமர்ந்திருப்பது அவர் காட்டிய நடுவழி ஆகாது.

இன்னும் ஒரு கதை உண்டு. லியாங் நாட்டு அரசன் வூ, விகாரங்கள் பல எடுப்பித்தவன். தான் செய்த தருமங்களுக்குக் கிடைக்கும் புண்ணியம் எவ்வளவு என்று போதிதருமரைக் கேட்க, ஒன்றுமே இல்லை என்று விடையிறுத்தாராம். இதுவும் பிற்காலத்தார் கட்டியதே. ஆயினும் கட்டியவர் நன்றாகக் கட்டினார். கொடுத்ததற்குக் கணக்குப் பார்ப்பவனிடம் அதைவிடச் சரியான விடை வேறு என்ன கூற இயலும்?

அத்தகைய விடை கூறினார் என்று போற்றப்படுபவரே இன்று வரம் கேட்கும் பொம்மையாய்ப் போனார். ஜப்பானியர் காகிதக் கூழால் செய்யும் தருமா பொம்மைகளுக்குக் கண்மணி தீட்டாமல் விற்பர். வாங்குவோர் ஒன்றை வேண்டிக்கொண்டு ஒரு கண்ணைத் தீட்டுவர். எண்ணியது கைகூடினால் மற்றொரு கண்ணையும் தீட்டுவர். தேர்தலில் நிற்கும் அரசியலாரும் இதனைச் செய்கின்றனர். அடிப்பாகம் கனமாக இருத்தலின் தள்ளிவிட்டாலும் நிமிர்ந்து எழும் வகையும் உண்டு. ஏழு முறை விழுந்தாலும் எட்டாம் முறை எழுக என்பது அந்நாட்டுப் பழமொழி. தக்கசாகி என்னும் ஊர் இப்பொம்மைகளுக்குப் பேர் பெற்றது. 1783-இல் அசாமா எரிமலை வெடித்துப் பஞ்சம் வந்தபொழுது, அவ்வூர்த் தருமர் கோயில் துறவி ஒருவர் பொம்மைக்கு மர அச்சு செய்து கொடுத்து, உழவர்கள் அதனை விற்றுப் பிழைக்கக் கற்பித்தார் என்று அக்கோயிலார் கூறுவர். இச்செய்தி உண்மையாயின், அப்பொம்மையைப் பற்றிய கதைகள் அனைத்திலும் பௌத்தத்திற்கு மிக அணுக்கமானது இதுவே என்பேன். பசித்தவனுக்குத் தொழில் கொடுத்தது வரம் கொடுத்ததைவிடப் பெரிது.

சிவப்பு நிறத்திற்கும் ஒரு காரணம் உண்டு. நம் தாய்மார்கள் இதனைக் கருத்தூன்றிக் கேட்பாராக. உயர்நிலைத் துறவியின் ஆடை நிறம் அது என்பது ஒன்று. மற்றொன்று, பெரியம்மை நோய். சிவப்பு நிறம் கண்டால் அம்மை நோயைத் தரும் தெய்வம் விலகிவிடும் என்று அக்காலத்து ஜப்பானியர் நம்பினர். ஆகவே குழந்தைகளின் அருகே சிவந்த தருமா பொம்மைகளை வைத்தனர். நாம் வேப்பிலை கட்டி, மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினோம். அவர்கள் சிவப்புப் பொம்மை வைத்தனர். அங்கும் குழந்தைகள் மாண்டன, இங்கும் மாண்டன. 1796-இல் ஜென்னர் கண்ட அம்மைப்பால் முறை நாளடைவில் உலகெங்கும் பரவி, இந்திய நாட்டில் 1975-இல் அந்நோய் ஒழிந்தது. 1980-இல் உலகினின்றே ஒழிந்தது என உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. பொம்மையும் தப்பிப் பிழைத்தது, வேப்பிலையும் பிழைத்தது. நோயை நீக்கியது ஆராய்ச்சி.

நிற்க. எதிர்வீட்டுப் பாட்டியார் சொல்லை நாம் நகைத்துத் தள்ளிவிடலாகாது. முனிக்கும் முனிவருக்கும் உள்ள குழப்பம் நம் நாட்டில் பழையது. அது பெரும்பாலும் நமக்கு எதிராகவே நடந்திருக்கின்றது. அத்திபெலே வழியாகச் செல்லும் அதே நெடுஞ்சாலையில் ஓசூர், கிருட்டிணகிரி, தருமபுரி கடந்து சென்றால் சேலம். அங்கே பெரியேரி என்னுமிடத்தில் ‘தலைவெட்டி முனியப்பன்’ என்ற பெயரில் ஒரு கல்லுருவம் நெடுநாளாக வழிபடப்பட்டு வந்தது. அது புத்தர் உருவம் என்று நம்மவர் வழக்குத் தொடுத்தனர். தொல்லியல் துறையினர் சென்று ஆராய்ந்தனர். தாமரைப் பீடத்தில் அமர்ந்த நிலை, மடியில் தியான முத்திரையாய் வைத்த கைகள், சுருள் முடி, உச்சிக் கொண்டை, நீண்ட காதுகள் ஆகியவை தெளிவாகப் புலப்பட்டன. தலை துண்டிக்கப்பட்டுப் பின்னர் ஒட்டப்பட்டிருந்தது. 2022-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் சென்னை உயர்நீதிமன்றம், அவ்வுருவம் புத்தருடையதே எனக் கொண்டு, அதனை முனியப்பன் எனத் தொடர்ந்து நடத்துவது தகாது என்றும், தொல்லியல் துறை அதனைத் தன் பொறுப்பில் ஏற்க வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது.

அவ்வழக்கில் வென்றது நம் ஆர்வம் அன்று. ஆர்வம் எத்தனையோ ஆண்டுகளாக இருந்தது. முடியையும் காதையும் கையையும் ஒவ்வொன்றாக அளந்து நோக்கிய கண்ணே வென்றது. சேலத்தில் புத்தரை முனி என்றனர். அத்திபெலேயில் புத்தர் வழிவந்த துறவியை முனி என்கின்றனர். இரண்டிற்கும் மருந்து ஒன்றே. அயோத்திதாச பண்டிதர் 1907-இல் தொடங்கிய தம் இதழில், ஊரார் வழங்கும் பெயர்களையும் விழாக்களையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, இதன் பழைய பொருள் யாது என்று வாரந்தோறும் வினவினார். அவர் கண்ட முடிவுகள் அனைத்தையும் இன்றைய வரலாற்றாசிரியர் ஒப்புவாரல்லர். ஆனால் வினவலாம் என்னும் துணிவை நமக்கு அளித்தவர் அவர்.

அம்மையாரின் வினாவிற்கு விடை இதுவே. அவ்வுருவம் முனீஸ்வரன் அன்று. ஆகவே உறுதிமொழிக்கு யாதொரு பழுதும் இல்லை. புத்தரும் அன்று, ஆகவே பகவன் திருவுருவத்தின் பக்கத்தில் வைத்து விளக்கேற்றுதல் வேண்டா. பகவனின் உருவத்தையேகூட முதற் சில நூற்றாண்டுகளில் எவரும் செதுக்கவில்லை. சாஞ்சியிலும் பார்குத்திலும் வெற்றிருக்கையும் அடிச்சுவடும் போதிமரமும் அறவாழியுமே அவரைக் குறித்தன. தருமா பொம்மையைப் புத்தக அலமாரியில், நூல்களின் நடுவே வைக்கலாம். அதனிடம் ஒன்றும் கேட்க வேண்டா. பிள்ளைகள் கேட்டால், ‘தியானம்’ என்னும் நம் சொல் சீனத்தில் ‘சான்’ என்றும் ஜப்பானில் ‘ஸென்’ என்றும் ஆன வரலாற்றைச் சொல்லிக் கொடுக்கலாம். காஞ்சியையும் சொல்லலாம், பாரசீகத்தையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

பாட்டியார் மீண்டும் வந்து கன்னத்தில் போட்டுக்கொள்வாராயின் அவரைத் தடுத்து வாதாடுதல் வேண்டா. அமரச் செய்து, தேநீர் கொடுத்து, இமை அறுந்து தேயிலை முளைத்த கதையைச் சொல்லுக. தூசு படிந்தால் ஈரத்துணியால் மெல்லத் துடைத்தால் போதும். சோடாவும் புளியும் இட்டுத் தேய்த்தால் மெருகின்மேல் தீட்டிய சிவப்பு உரிந்துவிடும். அடியிலுள்ள முத்திரையும் அழிந்துவிடும்.